பனையின் பானமும் வரியின் பாரமும்

சென்ற பங்குனித் திங்களில் மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலை முடிந்து வெளியே வரும்போது முற்பகல் பத்து மணி இருக்கும். அறுபது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர், இளம் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் அக்கானி ஊற்றி நம் கையில் கொடுத்தார். பதநீர் என்று தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் வழங்கும் பானத்துக்குக் குமரி மாவட்டத்தில் அக்கானி என்று பெயர். நாம் அதைப் பருகிக்கொண்டிருக்கையில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "சாரே, கடையில குப்பி வெலை வரி வரின்னு ஏறிட்டே போவுது. இதுக்கும் ஒரு நாள் வரி போடுவாவளா?"

இதற்கு வரி இல்லை என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "வரி இல்லாத சாமானுக்கு வெலையும் இல்லியே" என்றார்.

அவர் சொன்னது நம் மனத்தில் தங்கிவிட்டது. மதுவின் மீது வரி ஏறுவது ஏன், அந்த வரி எங்கே போகிறது, நம் மரத்துப் பானம் அந்த வரிக்கு வெளியே நிற்பது எவ்வாறு, அப்படி நின்றும் அதை இறக்குபவருக்கு உரிய விலை கிட்டாதிருப்பது எதனால் என்பவற்றை நம் பத்திரிகையின் வாசகர்களான நெசவாளர்க்கும் உழவர்க்கும் பனைத் தொழிலாளர்க்கும் விளக்குதல் பயனுடையதாகும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

அக்கானியும் கள்ளும்

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். பனையின் பாளையைக் கடிப்பினால் நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் காலையும் மாலையும் அரிவாளால் மெல்லிதாகச் சீவிவிட்டால் சாறு துளித்துளியாக வடியும். ஆண் பனையிலும் பெண் பனையிலும் இவ்வாறு வடிப்பதுண்டு. பாளையில் கட்டிய கலயத்தில் சேரும் இச்சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சர்க்கரை உண்டு. பருவம் பெரும்பாலும் தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடி வரை நீடிக்கும்.

பாளையிலிருந்து வடியும்போது சாறு தூய இனிப்பாகவே இருக்கிறது. ஆனால் காற்றிலும் கலயத்திலும் பாளை முகத்திலும் இயற்கையாகவே வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதில் உடனே இறங்கிவிடுகிறது. அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. நுரை கிளம்புவதும் புளித்த மணம் வீசுவதும் இதனாலேயே. சில மணி நேரத்தில் சாறு கள்ளாகிறது. ஒரு நாள் கழிந்தால் அதில் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு வரை ஏறிவிடும். மேலும் வைத்திருந்தால் வேறு நுண்ணுயிர்கள் அதைக் காடியாக்கிவிடும்.

இந்த மாற்றத்தைத் தடுப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை பெறுகிறது. அந்தக் காரத்தில் ஈஸ்ட் பெருக முடிவதில்லை. சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். கூடினால் நாக்கில் காரம் தட்டும். காய்ச்சும் கருப்பட்டியின் நிறமும் சுவையும் கெடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. ஒரு விரல் சுண்ணாம்பும் சில நாழிகைப் பொழுதும் அதனை அக்கானி என்றும் கள் என்றும் பிரிக்கின்றன. சட்டம் ஒன்றை அனுமதித்து மற்றொன்றைத் தடை செய்திருப்பதும் இந்த வேறுபாட்டை வைத்தேயாகும்.

மரத்தின் மேல் வரி

மது வகையின் மீது வரி என்பது இன்று நேற்று வந்ததன்று. கி.பி. 849-ஆம் ஆண்டினவாகக் கொள்ளப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கொல்லத்திலிருந்த ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு அளித்த கொடையைக் கூறுகின்றன. அக்கொடையில் அடங்கிய ஈழவர் குடிகளிடம் தலைக்காணம், ஏணிக்காணம், குடநாழி முதலியவை கொள்ளலாகாது என்று அவற்றில் விதிக்கப்பட்டுள்ளது. ஏணிக்காணம் மரம் ஏறுவோரின் ஏணியைக் கணக்கிட்டு வாங்கிய வரி என்றும், குடநாழி இறக்கிய கள்ளில் கொண்ட பங்கு என்றும் அறிஞர் பொருள் கூறுவர். விலக்கு அளித்தார்கள் என்பதனாலேயே அந்த வரிகள் நடைமுறையில் இருந்தன என்பது பெறப்படும். இன்றைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களும் பிற்காலத்தில் அந்த வேணாட்டிலிருந்து வளர்ந்த திருவிதாங்கூரில் அடங்கியிருந்தவையே. ஆகவே மரம் ஏறுபவன் தோளில் வரி ஏறிய கதை நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது.

பிற நாடுகளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் உழவர்கள் தம் தோட்டத்து ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து 'சைடர்' என்ற பானத்தையும், பேரிக்காய்ச் சாற்றிலிருந்து 'பெர்ரி' என்ற பானத்தையும் செய்வது தொன்றுதொட்ட வழக்கம். போர்ச் செலவால் கடன்பட்டிருந்த ஆங்கில அரசாங்கம் 1763-இல் இவற்றைச் செய்பவர் மீதே வரி விதித்தது. வரியின் அளவைக்காட்டிலும், தீர்வை அதிகாரி குடியானவன் வீட்டுக்குள் நுழைந்து சோதனையிடலாம் என்ற ஏற்பாடே மக்களைப் பெரிதும் சினமூட்டிற்று. கிளர்ச்சிகள் எழுந்தன. 1766-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். பின்னர் 1976-இல், ஆண்டுக்கு 7,000 லிட்டருக்கு மேற்படாமல் சைடர் செய்யும் சிறு உற்பத்தியாளருக்கு அந்நாட்டில் தீர்வை விலக்கு அளிக்கப்பட்டது. 2023-இல் தீர்வை முறையை மாற்றியமைத்தபோதும் சிறு உற்பத்தியாளருக்கென்று தனிச் சலுகை வைக்கப்பட்டது. ஆலையில் பெருமளவில் வடிக்கும் மதுவையும் தோட்டக்காரன் தன் மரத்திலிருந்து எடுக்கும் பானத்தையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்ற கொள்கை அங்கே வேரூன்றிவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் வந்த வழி

நம் நாட்டில் இக்கேள்வி வேறொரு திசையில் சென்றது. மதுவிலக்கைத் தேசியத் திட்டமாகக் கொண்ட காந்தியடிகள், கள்ளிறக்குவோரின் பிழைப்பு என்னாவது என்பதையும் கருதினார். அதே மரத்திலிருந்து வெல்லம் காய்ச்சுவதே அவர்களுக்கு உகந்த மாற்றுத் தொழில் என்று வலியுறுத்தினார். 1934-இல் வார்தாவில் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பனைவெல்லத்தைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றது. 1937-இல் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது அம்மாநிலத்தின் மதுவிலக்குக்குள் வந்தது. பனைத் தொழிலாளரைக் கூட்டுறவுச் சங்கங்களில் சேர்த்து, அக்கானி இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் உதவியது அந்நாளைய கொள்கை.

1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது; 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் திறக்கப்பட்டன. 1987 சனவரி முதல் நாள் தொட்டுக் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 1983-இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் தானே ஏற்றுக்கொண்டது. இதன் பயனாக, ஆலையில் செய்து புட்டியில் அடைத்த மதுவுக்கு விற்பனை இடம் உண்டு. மரத்திலிருந்து இறக்கிய கள்ளுக்கு இல்லை. களியக்காவிளையைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் கால் வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே கள்ளுக்கு உரிமம் உண்டு, கடைகள் உண்டு, தொழிலாளருக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட நலநிதியும் உண்டு.

இந்தத் தடை நீங்க வேண்டும் என்று உழவர் அமைப்புகள் கேட்டுவருகின்றன. குடி எவ்வகையினும் வேண்டா என்போரும் நம்மிடையே பலர். இவ்வழக்கைத் தீர்ப்பது நமது வேலையன்று. சட்டம் இருக்கிறபடி இருக்க, சட்டத்துக்கு உட்பட்ட அக்கானியைக் கொண்டு நாம் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. அதைச் செய்திருக்கிறோமா என்பதே கூட்டுறவாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

புட்டியின் விலையில் வரி எவ்வளவு செய்கிறது

2017 சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மக்கள் அருந்தும் மது அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஆகவே மதுவின் மீது ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் விதிக்கும் உரிமை மாநில அரசுகளிடமே உள்ளது. மாநிலங்கள் தாமே நிருணயிக்கக்கூடிய வருவாய் இனங்கள் சுருங்கிவிட்ட இக்காலத்தில், பணம் தேவைப்படும்போதெல்லாம் கை இங்கேதான் நீளும். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி முதல் நாள் சாதாரண வகைக் கால் புட்டிக்கு 10 ரூபாய் ஏற்றப்பட்டதை வாசகர்கள் அறிவர். 2023-24-ஆம் ஆண்டில் இவ்விரு வரிகளின் வழியாக மாநில அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிற்று.

வரியை ஏற்றினால் குடி குறையும் என்பது ஒரு கணக்கு. ஓரளவுக்கு அது உண்மையே. விலை ஏறினால் சிலர் குறைத்துக்கொள்வர். புதிதாகத் தொடங்குவோர் தயங்குவர். ஆனால் பழக்கத்துக்கு அடிமையான ஏழையின் விஷயம் வேறு. அவன் குடியைக் குறைப்பதற்கு முன் வீட்டுச் செலவைக் குறைக்கிறான். தறியில் ஆறு நாள் இருந்து பெற்ற கூலி வாரக் கடைசியில் வீடு போய்ச் சேராத குடும்பங்களை நமது நெசவாளர் சங்கங்களின் செயலாளர்கள் அறிவார்கள். அதுவும் இயலாதபோது அவன் மலிவானதைத் தேடிப் போகிறான். 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் குடிப்பதற்குரிய சாராயச் சத்தன்று. அது ஆலைகளில் பயன்படும் நஞ்சு. கண்ணைப் பறித்து உயிரையும் பறிக்கும். வரியோடு விற்கும் புட்டிக்கும் வரியில்லாமல் விற்கும் நஞ்சுக்கும் இடையே ஏழைக்கு வேறொன்றும் கிட்டாத நிலைமையை உண்டாக்கலாகாது.

குடிப்பழக்கத்துக்கு அக்கானி மருந்து என்று நாம் சொல்லவில்லை. அது சிகிச்சையும் குடும்பத்தாரின் துணையும் வேண்டிய நோய். நாம் சொல்வது வேறு. வெயிலில் உழைத்துக் களைத்த மனிதனுக்கு அருந்துவதற்கு நல்லதாக ஏதேனும் வேண்டும். நாலுபேர் கூடி நின்று பேசிக்கொண்டே அருந்தும் இன்பமும் மனிதனுக்கு வேண்டும். அந்த இரண்டையும் தரத்தக்க பானம் நம் தோட்டத்திலேயே வடிகிறது.

அக்கானிக்கு வரி உண்டா?

பெரியவரின் கேள்விக்கு இப்போது முழு விடை கூறுவோம். புளிக்காத பதநீரும் நீராவும் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்குப் பெற்றவை. சாராயச் சத்து இல்லாமையால் மதுவின் மீதுள்ள தீர்வையும் அதனைத் தொடாது. கருப்பட்டிக்கும், பையில் அடைத்துச் சீட்டு ஒட்டாமல் நிறுத்துக் கொடுக்கும்போது, வரி இல்லை. ஆனால் 2022 சூலை 18-ஆம் நாள் முதல், முன்கூட்டியே பொதியில் அடைத்துச் சீட்டு ஒட்டிய வெல்ல வகைகளுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வரி விதிக்கப்பட்டது. பதிவு பெற்ற சங்கம் ஒன்று கிலோ 320 ரூபாய்க்கு விற்கும் கருப்பட்டியைப் பொதியிட்டு விற்றால் 16 ரூபாய் வரியாகச் சேரும். அங்காடியில் சீனிப்பாகு கலந்த போலிக் கருப்பட்டி மலிந்து கிடக்கும் காலத்தில், இது இன்ன சங்கத்தின் கலப்படமற்ற கருப்பட்டி என்று சீட்டு ஒட்டி உத்தரவாதம் தருகிறவருக்கே வரி விழுகிறது. இதனைச் சங்கங்கள் தம் மேலமைப்புகளின் வழியாக அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவருதல் தகும்.

விலை எங்கே தேய்கிறது

வரி இல்லாத பொருளுக்கு விலையும் இல்லை என்றாரே, அதன் காரணத்தை இனிக் காண்போம்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் அக்கானி வேண்டும். இதனால் ஒரு சுருக்கமான கணக்குக் கிடைக்கிறது. கருப்பட்டியின் கிலோ விலையை எட்டால் வகுத்து, விறகுச் செலவைக் கழித்தால், ஒரு லிட்டர் அக்கானி காய்ச்சுவதனால் என்ன பெறுகிறது என்பது தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, கருப்பட்டி கிலோ 320 ரூபாய் என்றும், லிட்டருக்கு விறகுச் செலவு 8 ரூபாய் என்றும் கொள்வோம். 320-ஐ எட்டால் வகுத்தால் 40. விறகு போக 32 ரூபாய். விடிலியின் புகையில் அடுப்பின் முன் மணிக்கணக்காக நின்று கிண்டும் பெண்மக்களின் உழைப்புக்குத் தனியே கூலி இதில் சேரவில்லை.

அதே அக்கானியைச் சங்கம் லிட்டருக்கு 45 ரூபாய்க்கு வாங்கி 60 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். இடையிலுள்ள 15 ரூபாய் பனிக்கட்டி, வண்டிக்கூலி, சேதாரம், விற்பனையாளர் சம்பளம் ஆகியவற்றுக்காகும். நாளொன்றுக்கு 40 லிட்டர் இறக்கும் ஒருவர் முழுவதையும் காய்ச்சினால் 1,280 ரூபாய். பாதியைப் புதிதாக விற்றுப் பாதியைக் காய்ச்சினால் 900-உம் 640-உம் சேர்ந்து 1,540 ரூபாய். வித்தியாசம் நாளுக்கு 260 ரூபாய். நூறு நாள் பருவத்துக்கு 26,000 ரூபாய். விறகும் பாதியாகக் குறைகிறது. இந்த எண்கள் உதாரணத்துக்காக நாம் கொண்டவை. ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்; முறை மாறாது.

இப்படியிருக்கப் பனையேறிகள் ஏன் புதிய அக்கானியை விற்பதில்லை? காரணம் பொழுதுதான். காலையில் இறக்கிய சாற்றுடன் தனியொருவர் சாலையோரத்தில் நின்றால், பத்து லிட்டர் விற்பதற்குள் உச்சி வந்துவிடும். மீந்ததைத் திரும்ப விடிலிக்குக் கொண்டுவந்தால் அது பாதி புளித்திருக்கும். புளித்த சாற்றில் சர்க்கரை சிதைந்துவிடுவதனால் எவ்வளவு காய்ச்சினும் கருப்பட்டி கட்டாது; பாகாகவே நிற்கும். இந்த அச்சத்தால் அவர் வந்த சாற்றையெல்லாம் உடனே அடுப்பில் ஏற்றிவிடுகிறார். அல்லது வாசலுக்கு வந்த வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார். நாளுக்கு முப்பது, நாற்பது மரம், அதுவும் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறவரை விற்பனைக்கும் நில் என்றால் அவரால் எப்படி இயலும்? தனி மனிதனால் இயலாதது இது. கூட்டுறவு தோன்றியதே இத்தகைய காரியத்துக்காகத்தான்.

முன்னோர் காட்டிய வழி

இது மார்த்தாண்டத்துக்குப் புதியதன்று. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, தூய்மையான பனைவெல்லம் காய்ச்சுதல் ஆகியவற்றைக் குடியானவர்க்குக் கற்பித்து, விளைந்ததைக் கூட்டாக விற்பதற்கும் வழி செய்தார். மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் பின்னர் நாடெங்கும் பரவியதற்கு அந்தக் கூட்டு விற்பனையே அடிப்படை. மலையடிவாரத்துத் தேனுக்கு நடந்தது அக்கானிக்கு நடக்கவில்லை. தேன் கெடாது, அக்கானி கெடும். ஆகவே பின்னதற்கு அமைப்பு இன்னும் கட்டுக்கோப்பாக வேண்டும்.

கடல் கடந்தால் யாழ்ப்பாணம். அங்கும் பனையே ஏழையின் மரம். 1970-களில் அங்கே சீவல் தொழிலாளரைக் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்று திரட்டினார்கள். தனியார் தவறணைகளுக்கு விற்ற நிலை மாறி, தொழிலாளரின் சங்கங்களே சாற்றைக் கொண்டு விற்கும் நிலை ஏற்பட்டது. இலங்கையில் கள் சட்டப்படி செல்லுமாதலால் அவர்கள் புட்டியில் அடைத்த பனங்கள்ளையும் விற்றார்கள். வடமராட்சியில் உள்ள திக்கம் வடிசாலையும் அக்கூட்டுறவு முயற்சியைச் சேர்ந்ததே. நம் சட்டம் வேறு. ஆனால் பாளையில் வடிந்ததைத் தொழிலாளரின் சங்கமே வாங்கிச் சங்கமே விற்பது என்ற ஏற்பாடு நமக்கும் பொருந்தும்.

செய்யத்தக்கவை

ஒன்று, சுண்ணாம்பு அளவு. ஒவ்வொருவரும் கைப்பழக்கத்தால் தடவுவதால் ஒரு கலயம் இனிக்கிறது, அடுத்தது உறைக்கிறது. சங்கம் சலித்த நல்ல சுண்ணாம்பை வாங்கி, ஒரே அளவுக் கரண்டியுடன் அங்கத்தினர்க்கு வழங்கலாம். முன்னாள் கலயத்தைக் கழுவி வெயிலில் காயவைத்த பின்பே மீண்டும் கட்டவேண்டும். பழைய சாற்றின் கசடே ஈஸ்ட்டின் விதையாகும்.

இரண்டு, கலயத்துக்கு மூடி. இரவில் பழந்தின்னி வௌவால்கள் பாளையை நக்க வரும். வங்காளதேசத்தில் ஈச்சஞ்சாற்றின் மூலம் நிபா என்னும் கொடிய நோய் வௌவாலிலிருந்து மனிதருக்குத் தொற்றியது நிறுவப்பட்ட செய்தி. 2018-இல் கோழிக்கோட்டில் அந்நோய் கண்டபின் நாமும் அசட்டையாக இருத்தலாகாது. ஓலைப் பின்னலோ வலையோ கொண்டு பாளையையும் கலயத்தையும் மூடுவதற்கு அதிகச் செலவாகாது.

மூன்று, பொழுது. காலை எட்டு மணிக்குள் சேகரித்து, வடிகட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். குளிர்ச்சியில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும். பத்து மணிக்கு விற்பனைக் கணக்கைப் பார்த்து, விற்காது என்று தோன்றும் பகுதியை அப்போதே விடிலிக்கு அனுப்பிவிட வேண்டும். உச்சி வரை காத்திருந்தால் இரண்டும் போகும்.

நான்கு, விற்கும் இடம். மார்த்தாண்டம் சந்தையும் குழித்துறை நீதிமன்ற வாசலும் நம் கண் முன்னே இருக்கின்றன. அவற்றைவிட உறுதியான வாடிக்கை நமது பிற சங்கங்கள். நெசவாளர் சங்கத்தின் தறிக்கூடங்களுக்கு நாள்தோறும் முற்பகலில் இத்தனை லிட்டர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டால் பனைச் சங்கத்துக்கு விற்பனை உறுதி. நெசவாளிக்கு நல்ல பானம் உறுதி. பண்டகசாலைகளும் கூட்டுறவு வங்கிகளும் விருந்தினர்க்கு ஆலைப் பானம் வாங்கும் பணத்தை அக்கானிக்குத் தரலாம்.

ஐந்து, ஏறுபவரின் பாதுகாப்பு. மரத்திலிருந்து வீழ்ந்து இடுப்பொடிந்தவர் இல்லாத பனை ஊர் இல்லை. அங்கத்தினர் ஒவ்வொருவரும் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, புதுப்பித்திருக்கிறார்களா என்பதைச் செயலாளர் பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும். இளைஞர் இத்தொழிலுக்கு வராததற்கு வருமானக் குறைவு ஒரு காரணம். வீழ்ந்தால் குடும்பத்தின் கதி என்ன என்ற அச்சம் மற்றொன்று.

வரியிடம் கேட்கத்தக்கது

நெசவாளர்க்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறோம். 1953-இல் இந்திய அரசாங்கம் ஆலைத் துணியின் மீது கூடுதல் தீர்வை ஒன்றை விதித்து, அதிலிருந்து கிடைத்ததைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிடச் சட்டம் செய்தது. கைத்தறிச் சங்கங்கள் பெற்ற தள்ளுபடியும் விற்பனை நிலையங்களும் தறிச் சீர்திருத்தமும் அந்த நிதியால் வலுப்பெற்றன. ஆலையின் லாபத்திலிருந்து ஒரு சிறு பகுதி கைத்தொழிலுக்கு நீராகப் பாய்ந்தது.

அதே நியாயத்தை இங்கும் கேட்கலாம். புட்டியின் மீது வரி ஏறட்டும்; அரசாங்கத்தின் உரிமை அது. ஆனால் அவ்வரியில் மிகச் சிறு பங்கேனும் பனைத் தொழிலாளரின் சங்கங்களுக்குக் குளிர்பதன வசதி, பரிசோதனைக் கருவி, விபத்து நிதி என்ற வகையில் திரும்பி வருமானால், வரி தண்டனையாக மட்டும் நில்லாமல் நல்லதொரு பானத்தை மக்கள் கைக்கு எட்டச் செய்யும் கருவியும் ஆகும். 1978-இல் பனையை மாநில மரமாக அறிவித்தது நமது அரசாங்கம். 2021-இல் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. வெட்டாமல் காப்பது நல்லதே. ஆயினும் ஏறுவதற்கு ஆளிருக்கும் வரையில்தான் பனை பயன் தரும்.

பருகும் முறை

முடிவாக, அக்கானியை எவ்வாறு பருகுவது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. காலை வெயில் ஏறுமுன் பருகுவதே சிறப்பு. கண்ணாடிக் குவளையைவிட ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தால் ஓலையின் மணமும் சேரும். நுங்கைக் கீறிப் போட்டுக்கொள்வோரும், மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொள்வோரும் உண்டு. அரிசியிட்டுக் காய்ச்சிய அக்கானிக் கஞ்சி நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விருந்து. சுண்ணாம்பு அடியில் தங்குமாகையால் தெளிவை இறுத்துக் குடிக்கவேண்டும். ஒரு குவளையில், அதாவது 250 மில்லி லிட்டரில், முப்பது கிராம் அளவுக்குச் சர்க்கரை இருப்பதனால் நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடவேண்டும். மற்றவர்க்கும் ஒரு பட்டை போதும்.

பருவம் மீண்டும் தையில் தொடங்கும். அதற்கு முன் நடைபெறும் பொதுக்குழுக் கூட்டத்தில் பனைச் சங்கங்கள் சுண்ணாம்பு, மூடி, பனிக்கட்டிப் பெட்டி ஆகியவற்றின் செலவை வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிக்கொள்வது நலம். நெசவாளர் சங்கங்கள் தமக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்பதைக் கார்த்திகைக்குள் எழுதியனுப்பினால் ஒப்பந்தம் செய்துகொள்ள அவகாசம் இருக்கும். நமக்குப் பட்டை கொடுத்த பெரியவர் அடுத்த பருவத்திலும் மரம் ஏறப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இறக்குவதற்கு உரிய விலை அவர் கைக்குப் போய்ச் சேருமாறு இந்த ஏற்பாடுகளை அதற்குள் செய்து முடிப்போமாக.